ஒழுகாத பாக்கெட்

எங்கள் கடைக்கு ஷாம்புப் பெட்டி வந்து இறங்கினால் அப்பா முதலில் அதை மோந்து பார்ப்பார். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அதன் மூலையில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு. வாசனை வந்தால் போச்சு, உள்ளே ஏதோ ஒரு பாக்கெட் ஒழுகியிருக்கிறது. ஒரே ஒரு பாக்கெட் ஒழுகினால் போதும், சரம் முழுக்க வழுவழுவென்று ஆகிவிடும், தூசு ஒட்டும், வாங்க வந்தவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வேறு கேட்பார். ஒருமுறை ஒழுகின பெட்டியை டீத்தூள் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம். மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து, "தம்பி, உங்க கடை டீத்தூள்ல நுரை நல்லா வருதுப்பா" என்றார். பாராட்டு என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன்.

இது பண்ருட்டியில், தொண்ணூறுகளில். மாதிரிக்கு எடுத்துவரும் சேல்ஸ்மேனிடம் ஒழுகின சரத்தைக் காட்டினால், "கம்பெனியில டேமேஜ் எடுக்க மாட்டாங்கண்ணே" என்று பதில் தயாராக இருக்கும். அதனால் அப்பா ஒவ்வொரு சரத்தையும் கையில் எடுத்து, ஒவ்வொரு பாக்கெட்டாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அப்புறம்தான் கம்பியில் தொங்கவிடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து செய்த முதல் உத்தியோகம் அந்த அழுத்துகிற வேலைதான்.

ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று நம் பக்கத்தில் யோசித்தவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். இது எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரியும், கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் அவருக்கு ஒரு தலைமுறை முன்னாலேயே, 1952இல், பிரான்சில் ஒருவர் இதைச் செய்திருந்தார். அதை நான் தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டபோது கூடவே வந்த தகவல்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்த மனிதர் இரண்டாம் உலகப் போரில் 16 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குள்ள போர் விமானி. சோவியத் ஒன்றியத்தின் நாயகன் என்ற பட்டம் பெற்றவர். அதோடு ஒரு பிரபு.

பெயர் ரோலான் போல்ஸ் திவுவா த லா புவாப். எங்கள் ரேஷன் கார்டில் இந்தப் பெயரை எழுத இரண்டு வரி வேண்டும். கூடப் பறந்தவர்கள் சுருக்கமாக "மார்க்கி" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஜமீன்தார் வீட்டுப் பையனை நம்மவர்கள் "ஜமீன்" என்று கூப்பிடுவதுபோல.

1920 ஜூலை 28ஆம் தேதி, நடு பிரான்சின் ஓவெர்ன் மலைப்பகுதியில் லே பிராதோ என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா வேளாண்மைப் பொறியாளர், ரிசர்வ் படை அதிகாரியும்கூட. 1939இல் போர் தொடங்கும் நேரத்தில் ரோலான் விமானப் படையில் சேர்ந்தார். பாரிசுக்குத் தெற்கே எதாம்ப்பில் பயிற்சி. அவர் பறக்கக் கற்று முடிப்பதற்குள் நாடு முடிந்துவிட்டது. 1940 மே 10இல் ஜெர்மானியர்கள் நுழைந்தார்கள். அந்த மாத இறுதியில் அவருடைய அப்பா போர்க்களத்தில் இறந்தார். ஜூன் 17இல் கிழட்டு மார்ஷல் பெத்தேன் வானொலியில் வந்து சண்டையை நிறுத்த வேண்டும் என்றார். மறுநாள் லண்டனிலிருந்து, அப்போது பெரும்பாலான பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெயர்கூடத் தெரியாத த கோல் என்ற ஜெனரல், இல்லை, தொடர வேண்டும் என்றார்.

ரோலானுக்கு இருபது வயது ஆக ஒரு மாதம் இருந்தது. ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சேன் ழான் த லூஸ் துறைமுகத்தில், ஜூன் கடைசி வாரத்தில், இங்கிலாந்து போகும் கப்பல் ஏறினார்.

இதை இன்று படிக்கும்போது நேரான வழிபோல இருக்கிறது. அன்று அப்படி இல்லை. சட்டப்படி பிரான்சின் அரசு பெத்தேனுடையது. கப்பல் ஏறியவர்கள் அந்த அரசின் கண்ணில் ஓடிப்போனவர்கள். அந்த ஆகஸ்டில் த கோலுக்கே அவர் இல்லாமலே மரண தண்டனை விதித்தார்கள். பெரும்பாலான குடியேற்ற நாடுகள் பெத்தேன் பக்கமே நின்றன. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி அந்த விதிவிலக்குகளில் ஒன்று. ஆளுநர் லூயி போன்வேன் 1940 செப்டம்பரில் த கோல் பக்கம் சேர்ந்துவிட்டார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் "சொல்தா" என்பார்கள். சின்ன வயதில் அது ஏதோ குடும்பப் பெயர் என்று நினைத்திருந்தேன். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

அதே செப்டம்பரில் ரோலான் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் டக்கார் நகரத்துக்கு எதிரே இருந்தார். அந்த ஊரைப் பேசியே தன் பக்கம் இழுத்துவிடலாம் என்று த கோல் நம்பிப் போனார். உள்ளே இருந்த பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கியால் பதில் சொன்னார்கள். ஜெர்மானியரை எதிர்க்கக் கிளம்பிய பையனின் முதல் போர் அனுபவம் பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரனைச் சுட்டதுதான். அப்புறம் கொஞ்ச காலம் ஆப்பிரிக்காவில், 1941 தொடக்கத்தில் திரும்ப இங்கிலாந்து, முறையான பயிற்சி, ஸ்பிட்ஃபயர் விமானம். பிரிட்டிஷ் விமானப் படையின் 602ஆம் படையணி.

அந்தப் படையணிக்கு 1942 தொடக்கத்தில் தலைமை ஏற்றவர் பிரெண்டன் ஃபினுகேன் என்ற ஐரிஷ்காரர். 'பேடி' என்றுதான் பத்திரிகைகள் எழுதின. ரோலானைவிட ஏறக்குறைய மூன்று மாதம் சின்னவர். விமானத்தின் பக்கவாட்டில் அயர்லாந்தின் மூவிலைச் செடியை வரைந்து வைத்திருப்பார். 21 வயதில் விங் கமாண்டர் ஆகி, பிரிட்டன் முழுக்கப் புகழ்பெற்ற அந்த ஆளை எந்த ஜெர்மன் விமானியும் வீழ்த்தவில்லை. 1942 ஜூலை 15ஆம் தேதி பிரான்சின் கடற்கரைக்கு மேலே தாழ்வாகப் போனபோது, கீழே மணலில் இருந்த ஒரு இயந்திரத் துப்பாக்கி அவருடைய விமானத்தின் ரேடியேட்டரில் ஓட்டை போட்டது. ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் தண்ணீரும் கிளைக்காலும் கலந்த திரவத்தால் குளிர்விக்கப்படுவது. அது ஒழுகிப்போனால் சில நிமிடத்தில் எஞ்சின் இறுகிவிடும். ஆங்கிலக் கால்வாய்க் கடலின் மேலேயே எஞ்சின் நின்றது. தண்ணீரில் இறக்கப் பார்த்தார். விமானம் அவரோடு மூழ்கியது.

ரோலான் அந்தக் கோடையில் வேறு ஒரு பட்டியலில் பெயர் கொடுத்திருந்தார். ரஷ்யாவுக்குப் போகிறவர்களின் பட்டியல்.

இதில் கொஞ்சம் அரசியல் உண்டு. த கோலுக்கு விமானமும் பணமும் உணவும் கொடுத்தது பிரிட்டன். அந்தக் கடன் அவருக்கு உறுத்தியது. பிரான்ஸ் எல்லாப் போர்முனைகளிலும் இருக்க வேண்டும், அதுவும் ஜெர்மானியர்கள் உண்மையிலேயே ரத்தம் சிந்திக்கொண்டிருந்த கிழக்கு முனையில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஒரு பீரங்கிப் படையையே அனுப்ப அவரிடம் ஆள் இல்லை. ஒரு கை விமானிகளை அனுப்ப முடியும். அப்படி 1942 செப்டம்பர் 1இல் லெபனானின் ராயாக் விமானத் தளத்தில் ஒரு படையணி உருவானது. சுதந்திர பிரெஞ்சுப் படையணிகளுக்கு நாட்டின் மாகாணப் பெயர்களை வைப்பது வழக்கம். அல்சாஸ், லொரேன் எல்லாம் போய்விட்டன. இதற்கு நோர்மாந்தி.

ஈராக், ஈரான் வழியாக நவம்பர் இறுதியில் மாஸ்கோவுக்கு வடகிழக்கே இவானோவோ போய்ச் சேர்ந்தார்கள். பனி முழங்கால் அளவு. எந்த விமானம் வேண்டும் என்று ரஷ்யர்கள் கேட்டபோது, பிரிட்டிஷ் அமெரிக்க விமானங்களும் கிடைக்கும் நிலையில், தலைவர் ழான் துலான் ரஷ்யர்களின் சொந்தப் போர் விமானமான யாக் போதும் என்றார். நல்ல தேர்வு, விமானமாகவும் மரியாதையாகவும். யாக் சின்னது, லேசானது, உடம்பில் பாதி மரம். ராத்திரி குளிரில் எஞ்சின் எண்ணெய் தார்போல உறைந்துவிடும். அதனால் நிறுத்துவதற்கு முன்பே எண்ணெயில் பெட்ரோலைக் கலந்துவிடுவார்கள், காலையில் எஞ்சின் சூடானதும் பெட்ரோல் ஆவியாகிவிடும். ரஷ்யர்களுக்கு இது சமையல்கட்டுப் பழக்கம். பிரெஞ்சு மெக்கானிக்குகளுக்குப் புது வித்தை. விமானத்தின் மூக்கு நுனியில் நீலம், வெள்ளை, சிவப்பு மூன்று வளையம் வரைந்துகொண்டார்கள். மற்றபடி இறக்கையில் சிவப்பு நட்சத்திரம்.

அந்தச் சின்னக் கூட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொருவர். மார்செல் அல்பேர். ரெனோ கார் கம்பெனியில் தொழிலாளியாக இருந்து விமானியானவர். 1941 அக்டோபரில் அல்ஜீரியாவின் ஓரானில் பெத்தேன் அரசின் விமானப் படையில் இருந்தபோது, மார்செல் லெஃபேவ்ர், அல்பேர் துரான் என்ற இரண்டு நண்பர்களோடு மூன்று போர் விமானங்களைக் கிளப்பிக்கொண்டு நேராக ஜிப்ரால்டருக்குப் பறந்துபோய் இறங்கியவர். மூன்று பேரும் ஒன்றாகவே ரஷ்யா வந்தார்கள். ஒரு பக்கம் கோட்டை வீட்டுப் பிள்ளை, ஒரு பக்கம் பட்டறைத் தொழிலாளி, இரண்டு பேருக்கும் சாப்பாடு ஒரே கஞ்சி. அந்தப் படையணியின் அழகே அதுதான் என்று நினைக்கிறேன்.

1943 மார்ச் 22இல் போர்ப் பணி தொடங்கியது. ஏப்ரல் 5இல் முதல் இரண்டு வெற்றிகள். ஏப்ரல் 13இல் ஒரே நாளில் மூன்று பேர் திரும்பவில்லை. வந்தவர்களே பதினான்கு போர் விமானிகள், அதில் மூன்று பேர். பிடிபடும் பிரெஞ்சு விமானிகளைக் கைதியாக வைக்காமல் சுட்டுவிட வேண்டும் என்று ஜெர்மன் தளபதி கைடெல் ஆணை போட்டார். ஏனென்றால் பிரான்ஸ் சரணடைந்துவிட்ட நாடு, அதன் ஆள் துப்பாக்கி எடுத்தால் அவன் சிப்பாய் இல்லை என்ற வாதம். ஜூலை 17இல், ஓரெல் பக்கம் பெரும் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, துலான் மேகத்துக்குள் போனவர் வரவே இல்லை. பியேர் பூயாத் தலைமை ஏற்றார். செப்டம்பர் முதல் நாள் துரான் காணாமல் போனார். அந்த வருஷக் கடைசியில் முதல் குழுவில் மிச்சம் இருந்தவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்துவிடலாம். ரோலான் அந்த மேசையில் இருந்தார்.

1943 கோடையில் பிரெஞ்சு மெக்கானிக்குகளைத் திருப்பி அனுப்பிவிட்டு ரஷ்ய மெக்கானிக்குகளைக் கொடுத்தார்கள். செர்கேய் அகாவெலியான் என்ற பொறியாளர் தலைமை. விமானியும் மெக்கானிக்கும் பேசிக்கொள்ளப் பொதுமொழி இல்லை. சைகை, நாலு ரஷ்யச் சொல், நாலு பிரெஞ்சுச் சொல். ஆனால் விமானி உயிரோடு வருவது அந்த மெக்கானிக் ராத்திரி முறுக்கிய நட்டில் இருக்கிறது. வண்டி ஓட்டுகிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள், மெக்கானிக்கோடு உள்ள உறவுக்கு மொழி பெரிதாக வேண்டியதில்லை.

1944 மே 28இல் லெஃபேவ்ரின் விமானத்தில் பெட்ரோல் ஒழுகத் தொடங்கியது. எதிரி சுட்டதால் அல்ல, தானாகவே. தளத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து தரையிலும் இறக்கிவிட்டார். இறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றிக்கொண்டது. எரிகிற விமானத்திலிருந்து குதித்து வெளியே வந்தார். எட்டு நாள் மாஸ்கோ மருத்துவமனையில் கிடந்து ஜூன் 5இல் இறந்தார். மறுநாள் காலையில் நோர்மாந்திக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கின. அவருடைய படையணிக்கு எந்த மாகாணத்தின் பெயரோ, அதே கடற்கரை.

அடுத்ததைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஜூலை நடுவில் ஜெர்மானியர்கள் வேகமாகப் பின்வாங்கினார்கள். விமானத் தளமும் மேற்கே லித்துவேனியா பக்கம் நகர வேண்டும். தளம் மாறும்போது ஒவ்வொரு விமானியும் தன் மெக்கானிக்கைக் கூடவே தூக்கிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டிருந்தது. இருக்கைக்குப் பின்னால், சாமான் வைக்கிற பொந்து மாதிரி ஒரு இடம். அதில் ஒரு ஆள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு படுத்தால் போகலாம். பாராசூட் கட்டிக்கொண்டு நுழைய இடம் கிடையாது.

1944 ஜூலை 15. மொரீஸ் த சேன், இவரும் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை, தன் மெக்கானிக் விளாதிமிர் பெலோசுப்பைப் பின்னால் ஏற்றிக்கொண்டு துப்ரோவ்கா தளத்திலிருந்து கிளம்பினார். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எரிபொருள் குழாய் ஒழுகி, பெட்ரோல் ஆவி அறைக்குள் நிரம்பியது. கண் தெரியவில்லை. திரும்பி வந்து இறக்கப் பார்த்தார். ஓடுபாதை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மீண்டும் மீண்டும் மேலே எழும்பினார். கீழே நின்றவர்களுக்கு எல்லாம் தெரிகிறது. குதித்துவிடு என்று வானொலியில் ஆணை கொடுத்தார்கள். அவருக்குப் பாராசூட் இருந்தது. பின்னால் படுத்திருந்த ஆளுக்கு இல்லை.

அவர் குதிக்கவில்லை. விமானம் கவிழ்ந்து விழுந்தது. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் புதைத்தார்கள்.

பிரெஞ்சு விமானிகள் ரஷ்யாவில் செய்த எந்தச் சாகசத்தையும்விட இதைத்தான் அந்த ஊர்க்காரர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பிரபு வீட்டு ஆள் மெக்கானிக்கை விட்டுவிட்டுக் குதிக்கவில்லை என்பதைப் பிரச்சாரத்துக்கும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள், அது வேறு கதை. பிரச்சாரத்துக்குப் பயன்பட்டதால் நடந்தது பொய்யாகிவிடாது. எனக்கு ஓயாமல் வருகிற நினைப்பு பெலோசுப்பைப் பற்றியது. பொந்துக்குள் படுத்திருந்தவருக்கு வெளியே ஒன்றும் தெரிந்திருக்காது. பெட்ரோல் வாசனை மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கும். மெக்கானிக் ஆச்சே, எது ஒழுகுகிறது என்பதுகூட மூக்கை வைத்தே தெரிந்திருக்கும்.

அதன் பிறகு, நியெமென் ஆற்றைக் கடந்த சண்டையில் ஆற்றிய பங்குக்காக, ஸ்டாலின் அந்தப் படைப்பிரிவின் பெயரோடு ஆற்றின் பெயரையும் சேர்த்தார். நோர்மாந்தி-நியெமென். அதற்குள் புதிய யாக்-3 வந்திருந்தது. முழு எடையில் மூன்று டன்கூட வராத விமானம், மூக்குத் தண்டின் நடுவே சுடும் 20 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, மேலே இரண்டு கனரகத் துப்பாக்கிகள். 1944 அக்டோபர் 16இல், கிழக்குப் பிரஷ்யாவுக்குள் நுழையும் தாக்குதலின் முதல் நாளில், 29 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு, தன் பக்கம் ஒரு இழப்பும் இல்லை. இந்த வகைக் கணக்கை எந்த நாட்டு விமானப் படை சொன்னாலும் கொஞ்சம் உப்பு சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒன்றை வீழ்த்தினால் இரண்டு பேர் கணக்கிலும் ஒவ்வொன்று எழுதுவார்கள். போர் முடியும்போது மொத்தம் 273 வெற்றி. இறந்தவர், காணாமல் போனவர் 42 விமானிகள். இரண்டாவது எண்ணில் உப்பு சேர்க்கத் தேவையில்லை.

நவம்பர் 27ஆம் தேதி அல்பேருக்கும் ரோலானுக்கும் சோவியத் ஒன்றியத்தின் நாயகன் பட்டம், தங்க நட்சத்திரம். தொழிலாளி வர்க்க அரசின் மிக உயர்ந்த விருதை ஒரு ரெனோ தொழிலாளியும் ஒரு மார்க்கியும் ஒரே நாளில் வாங்கினார்கள். லெஃபேவ்ருக்கு இறந்த பிறகு கிடைத்தது. நான்காவது ஆள் ழாக் ஆந்த்ரே. மொத்தம் நான்கு பிரெஞ்சு விமானிகள்தான்.

1945 ஜூன் 20இல் அந்தப் படைப்பிரிவு ஸ்டாலின் அன்பளிப்பாகக் கொடுத்த யாக்-3 விமானங்களிலேயே பாரிசின் லெ பூர்ஜேயில் வந்து இறங்கியது. அதில் ஒன்று இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இங்கேதான் வாழ்க்கை வரலாறுகள் வழக்கமாகச் சுருக்க ஆரம்பிக்கும். "போருக்குப் பின் தொழிலதிபரானார்" என்று ஒரு வரி. அவருக்கு அப்போது 25 வயதுகூட ஆகவில்லை. இனி வாழப்போவது 67 வருஷம்.

1947இல் படையை விட்டு வந்து பிளாஸ்டிக் கம்பெனி தொடங்கினார். அன்று பிளாஸ்டிக் என்றால் இன்றைய கம்ப்யூட்டர் சமாச்சாரம் மாதிரி, எதற்கு ஆகும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. 1952இல் லோரெயால் கம்பெனியின் தோப் ஷாம்புவுக்காக அவர் செய்து கொடுத்ததுதான் 'பெர்லிங்கோ'. ஒரு தலைமுழுக்குக்கு வேண்டிய ஷாம்பு, நான்கு முக்கோணப் பக்கங்களோடு, ஒளி ஊடுருவும் வினைல் பொட்டலம். அந்த வடிவத்தில் பிரான்சில் ஒரு மிட்டாய் உண்டு, அதன் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள்.

அந்த வடிவத்தின் சூட்சுமம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பிளாஸ்டிக் குழலை எடுத்துக்கொள்ளுங்கள். அடியைக் கிடைவாக்கில் நசுக்கி ஒட்டுங்கள். ஷாம்புவை ஊற்றுங்கள். இப்போது மேலே நசுக்கும்போது, அடியில் நசுக்கிய திசைக்குக் குறுக்காக நசுக்கி ஒட்டுங்கள். அவ்வளவுதான், தானாக நான்கு முகமாக நிற்கும். வெட்டுக்கழிவு இல்லை, மடிப்பு இல்லை, இரண்டே ஒட்டு. ஒட்டு குறைந்தால் ஒழுகும் இடமும் குறையும். எங்கள் கடையில் தொங்கிய சப்பைப் பாக்கெட்டில் சுற்றிலும் ஒட்டு. கட்டைவிரலால் ஆயிரக்கணக்கில் அழுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒழுகினால் ஒட்டின மூலையில்தான் ஒழுகும்.

ஃபினுகேனுக்குத் தண்ணீர் ஒழுகியது. லெஃபேவ்ருக்குப் பெட்ரோல். த சேனுக்கும் பெலோசுப்புக்கும் பெட்ரோல். இவர்களோடு பறந்தவர், பத்து வருஷம்கூட ஆவதற்குள், ஒழுகாமல் அடைப்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்டார். இது நான் போடுகிற முடிச்சு, அவர் போட்டதல்ல. வியாபாரம் செய்ய வந்தவர் அப்போது ஓடுகிற சரக்கைப் பிடித்தார், அவ்வளவே என்று யாராவது சொன்னால் மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் முடிச்சை அவிழ்க்க மனம் வரவில்லை.

இன்னொரு உறுத்தலும் உண்டு. லோரெயாலை நிறுவிய எழேன் ஷுவெல்லேர், போருக்கு முன் ககூல் என்ற தீவிர வலதுசாரி ரகசிய அமைப்புக்குப் பணம் கொடுத்தவர். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மானியரோடு ஒத்துழைத்த ஒரு கட்சி உருவாகவும் துணை நின்றவர். போருக்குப் பின் விசாரணை வந்தது, தப்பிவிட்டார். எந்தக் கூட்டத்தை எதிர்த்து ரோலான் கப்பல் ஏறினாரோ, அந்தக் கூட்டத்துக்கு நெருக்கமாக இருந்தவரின் கம்பெனிக்கு, போர் முடிந்து ஏழு வருஷம் கழித்து, ஷாம்புப் பொட்டலம் செய்து கொடுக்கிறார். 1950களின் பிரான்ஸ் அப்படித்தான் இருந்திருக்கிறது. யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் வியாபாரமும் செய்தார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. தன் அப்பாவை 1940இல் பறிகொடுத்தவருக்கு எப்படி ஒப்பியது என்பதைத் தீர்ப்பு சொல்ல நான் யார் என்றும் தோன்றுகிறது.

பெர்லிங்கோவில் காசு சேர்ந்தது. அடுத்தது 1968 மே மாதம் சித்ரோயென் கம்பெனி வெளியிட்ட மெஹாரி கார். உடம்பு முழுக்க பிளாஸ்டிக், துருவே பிடிக்காது, உள்ளேயும் வெளியேயும் குழாயை வைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவலாம். அதன் உடம்பு அவருடைய கம்பெனியின் யோசனை. 1987 வரை சுமார் 1,45,000 வண்டிகள் செய்தார்கள். இன்று பிரான்சின் தென்கரையில் பணக்காரர்கள் அதை ஆசையாக வைத்துக்கொள்கிறார்கள். வயலுக்குப் போக வந்த வண்டி, கடற்கரை பங்களா வாசலில் நிற்கிறது.

1970இல் ஆன்தீப் நகரில் மரீன்லாண்ட் என்ற கடல்வாழ் உயிரினக் காட்சிச்சாலை. டால்பின், அப்புறம் ஓர்காத் திமிங்கிலங்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு காலம் மாறியது. திமிங்கிலத்தைத் தொட்டியில் வைத்து வித்தை காட்டுவதை பிரெஞ்சுச் சட்டமே தடுத்தது. 2025 ஜனவரியில் மூடிவிட்டார்கள். மூடிய பிறகும் விக்கி என்ற தாயும் கெய்ஜோ என்ற மகனும் அந்தத் தொட்டியிலேயே இருந்தன. அந்த மே மாதம் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தேன். பச்சையாகப் பாசி படிந்த குளம், ஆளில்லாத படிக்கட்டுகள், நடுவே இரண்டு கறுப்பு முதுகுகள். எங்கள் ஊர்ச் சாக்கடையில் அடைத்துக் கிடக்கும் ஷாம்பு உறைகளைப் பார்க்கும்போது வருகிற அதே சங்கடம். ஒழுகாத பாக்கெட் மக்கவும் மக்காது.

அல்பேர் கொஞ்ச காலம் பிராகில் தூதரகப் பணியில் இருந்துவிட்டு அமெரிக்கா போனார், அங்கே உணவகத் தொழில் பார்த்தார். 2010 ஆகஸ்டில் டெக்சாசில் இறந்தார். சோவியத் ஒன்றியத்தின் நாயகன், டெக்சாசில். ரோலான் 2012 அக்டோபர் 23இல், 92 வயதில், சேன் த்ரோப்பேயில். அந்த நால்வரில் கடைசி ஆள் அவர்தான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கடையை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. காது கொஞ்சம் மந்தம், அதனால் த சேன் கதையை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஷாம்பு, கார், திமிங்கிலம் எதற்கும் பெரிதாக அசரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பின்னாடி படுத்திருந்தான்னியே, அவன் பேரு என்ன?" என்றார்.

"விளாதிமிர் பெலோசுப் பா."

"கல்யாணம் ஆயிருந்துதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் திண்ணையில் கிடந்த தைலப் பாட்டிலை எடுத்து, மூடியை ஒருமுறை இறுக்கித் திருகி, கவிழ்த்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.